ஆல்டர் க்ரீக்கில் மட்டும் வழுக்கவில்லை

அக்டோபர் 9

இடா,

போன் செய்யாதே என்றாய். செய்யவில்லை. கடிதம் எழுதாதே என்று சொன்னதாக நினைவில்லை.

இலைக்காலம் முடியும்வரை என்னைத் தண்டவாளம் கழுவும் வண்டியில் போட்டிருக்கிறார்கள். ஒரு எஞ்சின், தண்ணீர்த் தொட்டிகள், ஒரு பம்ப், நான். பெக் ஓட்டுகிறான். ஜங்ஷனில் கிளம்பி முதலில் உன் கிழக்குக் கிளை. அதைக் கழுவிவிட்டுத் திரும்பி மேற்குக் கிளை. நீ எழுந்திருப்பதற்குள் உன் ஸ்டேஷன் ஹாலோவே வரை வந்து திரும்பிவிடுகிறோம். அங்கே ஓட்டுநர் அறையில் உன் பெயர் ஒட்டிய பெட்டி இருக்கிறது. பதில் எழுதினால் அதிலேயே வை. எழுதாவிட்டாலும் பரவாயில்லை. முந்தைய வரி பொய்.

உன் குளிர்கோட்டு வீட்டிலேயே கிடந்தது. பெட்டிக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நீ திட்டிக்கொண்டேதான் வீட்டுக்குள் வருவாய். கதவருகே பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. எனக்கு அதெல்லாம் வெறும் இலை. பள்ளிப் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் இலை. இப்போதுதான் பக்கத்தில் பார்க்கிறேன். சக்கரம் அரைத்து அரைத்து, இலை இலையாகவே இல்லை. தண்டவாளத்தின் மேல் கறுப்பாக, பளபளவென்று ஒரு தோல். விரலை வைத்தேன். விரல் நிற்கவில்லை.

நீ இப்போது இருப்பது ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடி என்றார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தேன். விளக்கு இல்லை.

ரூய்

*

அக்டோபர் 12

ரூய்,

கோட்டு கிடைத்தது. நன்றி.

இரண்டாவது பொத்தான் விழுந்திருந்தது. இப்போது இருக்கிறது. நான் கேட்கவில்லை.

சின்ன விஷயம் என்று நினைப்பாய். ஏப்ரலிலும் அப்படித்தான் நினைத்தாய். பிரதான பாதையில் ஓட்ட இடம் இருக்கிறது, வருவாளா என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். "அவளுக்கு அதெல்லாம் வேண்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். என் முதுகுவலியை நினைத்தாய். என் தூக்கத்தை நினைத்தாய். என்னை எழுப்ப நினைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, மேற்குக் கிளையில் ஓட்டும் மக்நாலி சொல்லித்தான் எனக்கே தெரியும். "என்னம்மா இடா, நியூயார்க் வரைக்கும் ஓட்டச் சொன்னா வேணாம்னுட்டியாமே, அவ்ளோ பெரிய ஆளா நீ?"

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது.

கோபம் குறைந்துவிட்டது. ஆனால் கோபம் இருந்த இடம் அப்படியே இருக்கிறது. அங்கே என்ன வைப்பது என்று தெரியவில்லை.

பெட்டியில் கடிதம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜன்னலைப் பார்க்காதே.

இடா

*

அக்டோபர் 16

இடா,

பார்க்கவில்லை. பெக்தான் பார்த்துச் சொன்னான், விளக்கு எரிகிறது என்று.

உன் கடிதத்தைப் பம்பின் மேல் வைத்துப் படித்தேன். பெக் எட்டிப் பார்த்தான்.

"லவ் லெட்டரா?"

"புகார்."

"கல்யாணம் ஆயிட்டா ரெண்டும் ஒண்ணுதான்டா."

ஏப்ரலைப் பற்றி. எப்படி எழுதினாலும் சாக்காகவே வருகிறது. இரண்டு தாள் கிழித்துவிட்டேன். உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அந்த நினைப்பு என்னிடம் எப்போது வந்தது, யார் கொடுத்தது, தெரியவில்லை. என் அப்பா இப்படித்தான் ஓட்டலில் அம்மாவுக்கும் சேர்த்து அவரே சொல்லிவிடுவார். அம்மா வந்ததைச் சாப்பிடுவாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வேலை விஷயம். தொட்டித் தண்ணீர் இரண்டு கிளைக்கும் கணக்காகத்தான் வருகிறது. எங்கே இலைப் பசை அதிகம் என்று தெரிந்தால் அங்கே மெதுவாகப் போகலாம். உன் கிளையில் எந்த இடம் மோசம்? எழுது. வேலைக்காகத்தான் கேட்கிறேன்.

முட்டைக்கோஸ் சூப் வைத்தேன். நிறைய வந்துவிட்டது. ஒருவருக்கு எப்படி வைப்பது என்று இன்னும் பழகவில்லை.

ரூய்

*

அக்டோபர் 20

ரூய்,

கேட்டாய். அதனால் சொல்கிறேன்.

ஆல்டர் க்ரீக். இறக்கம், வளைவு, வளைவு முடிந்ததும் பிளாட்பாரம். இரண்டு பக்கமும் மேப்பிள். வெயில் காலத்தில் பால் பண்ணையின் சிவப்புக் கொட்டகை வரும்போது பிரேக் போட்டால் போதும். இலைக்காலத்தில் அதற்கும் முன்னாலே, கல்லறைத் தோட்டத்தின் சுவர் தெரியும்போதே ஆரம்பிக்க வேண்டும். லேசாக. தூங்கும் ஆளின் மேல் கையை வைப்பதுபோல. ஓங்கி அழுத்தினால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். நின்ற சக்கரத்தோடு வண்டி சறுக்கும். சக்கரத்தில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் பட்டறைக்குப் போகும்வரை டொக் டொக் என்று அடித்துக்கொண்டே ஓடும், உன் தப்பு இது, உன் தப்பு இது என்று.

போன வருடம் அங்கே ஒரு பெட்டி நீளம் தாண்டிப் போய்விட்டேன். பின்னால் எடுக்க அனுமதி கிடையாது. ஆட்கள் பெட்டிகளுக்குள்ளேயே பின்னால் நடந்துபோய் இறங்கினார்கள். மிஸஸ் பஷேகு, நம் கிளப்பில் கணக்குப் பார்ப்பாளே அவள்தான், என் ஜன்னலைத் தட்டினாள். "ஏம்மா, ஸ்டேஷனைக் காட்டிட்டுக் கூட்டிட்டுப் போறியே, இது என்ன சுற்றுலாவா?"

வழுக்கும்போது பயம் வராது. அது உனக்குத் தெரியாது. சக்கரம் நின்றதும் சத்தமே போய்விடும். இவ்வளவு பெரிய வண்டி, திடீரென்று மௌனம். ஜன்னலில் மரங்கள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். நான் அங்கே இல்லாதது போல.

வீட்டில் கடைசி மாதங்களில் எனக்கு அப்படித்தான் இருந்தது. இதை எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன்.

இடா

*

அக்டோபர் 23

இடா,

படித்தேன். பலமுறை.

ஆல்டர் க்ரீக்கைப் பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 11, சாவோ மார்ட்டின்யோ திருநாள். சாயங்காலம் கிளப்பில் வழக்கம்போல செஸ்ட்நட் சுடுகிறார்கள், புது ஒயின் திறக்கிறார்கள். நீ வருவாயா என்று கேட்கிறேன். வருவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. கவனித்தாயா, கற்றுக்கொள்கிறேன்.

ரூய்

*

அக்டோபர் 31

ரூய்,

ஆல்டர் க்ரீக்கில் வழுக்கவில்லை. ஒரு வாரமாகவே.

முதல் நாள் கல்லறைச் சுவரிலேயே ஆரம்பித்தேன். வண்டி வளைவிலேயே நிற்கப் போய்விட்டது. மறுபடி கொஞ்சம் ஓட்டிப் பிளாட்பாரத்துக்குக் கொண்டுவந்தேன். கண்டக்டர் போனில் கேட்டார், "என்ன, பூப்பறிக்க நிறுத்தினியா?" இப்போது சிவப்புக் கொட்டகையில்தான் பிரேக் போடுகிறேன். ஜூலை மாதம் போலப் பிடிக்கிறது. சுற்றிலும் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது, தண்டவாளம் மட்டும் ஜூலையில் இருக்கிறது.

மேற்குக் கிளையில் அப்படி இல்லையாம். மக்நாலி தினமும் ஜங்ஷனுக்குத் தாமதமாக வருகிறான். அறையில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறான். "மகாராணிக்குன்னு தனியா ஒரு புனிதர் மேலேர்ந்து துடைச்சு விடறார். எங்க பக்கத்துக்கு ஒரு துணி கூட வரல."

ஒரே வண்டி, ஒரே தண்ணீர். ஏன் இப்படி என்று ஒரு கேள்வி வந்தது. வெளியே விட்டுவிட்டேன். காலையில் சுலபமாக இருப்பது நன்றாக இருக்கிறது.

11ஆம் தேதி. யோசிக்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை.

இடா

*

நவம்பர் 4

ரூய்,

கேள்விப்பட்டிருப்பாய். நேற்றுக் காலை மக்நாலி ஸ்லேட் பிரிட்ஜில் வழுக்கிவிட்டான். பிளாட்பாரத்தைத் தாண்டி, அதற்கப்பால் இருந்த சிவப்பு சிக்னலையும் தாண்டித்தான் நின்றது. எதிரில் வண்டி இல்லை. யாருக்கும் அடி இல்லை.

நிலையத்தைத் தாண்டினால் ஒரு திட்டு. சிவப்பைத் தாண்டினால் லைசன்ஸ். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவனுக்கு இது இரண்டாவது தடவை. தாமதமாகப் பிரேக் போட்டான் என்று முடிவானால் இனி அவன் ஓட்டவே முடியாது. விசாரணை பதின்மூன்றாம் தேதி.

ஆட்கள் தண்டவாளத்தைப் பார்க்கப் போவதற்குள் பெருமழை. எல்லாம் சுத்தமாகிவிட்டது. "ரெயில் நல்லாத்தானேய்யா இருக்கு" என்கிறார்கள். கழுவும் வண்டியும் இரண்டு கிளையும் முடித்ததாக ரேடியோவில் சொல்லியிருக்கிறதாம். அப்படியானால் தப்பு ஓட்டியவனுடையது.

அவன் அறையில் உட்கார்ந்திருந்தான். கிண்டல் எதுவும் இல்லை. என்னிடம் மட்டும் சொன்னான். "எப்பவும் போடற இடத்துக்கு முன்னாடியே போட்டேன் இடா. அதுக்கும் முன்னாடியே. வண்டி கேட்கல."

வெளியே விட்டிருந்த கேள்வி உள்ளே வந்துவிட்டது.

ரேடியோவில் பேசியது நீ. மேற்குக் கிளையைக் கழுவினாயா?

இடா

*

நவம்பர் 6

இடா,

கழுவினோம்.

அந்த வரியை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. முதலில் என்ன எழுதினேன் என்று நீ பார்க்கட்டும்.

முழுவதும் கழுவவில்லை. ஸ்லேட் பிரிட்ஜுக்கு முன்னால் இருக்கிற இறக்கத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அன்று மட்டுமல்ல. பல நாள்.

நீ ஆல்டர் க்ரீக் என்று எழுதியதிலிருந்து அங்கே இரண்டு தடவை போகிறோம். ஒரு தடவை மெதுவாக, பிறகு பின்னால் வந்து மறுபடியும். பெக்கிடம் பசை அதிகம் என்றேன். அவன் நம்பவில்லை. "உன் பொண்டாட்டி ஸ்டேஷன் வந்தாச்சு, நல்லா துடைச்சு விடு" என்பான். தொட்டி காலியாவது அவனுக்குத் தெரியாது. தண்ணீர் அளவு காட்டும் முள் என் பக்கம்தான் இருக்கிறது.

மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பெருமழை என்றால் கழுவிவிடும். அன்று காலை வந்தது வெறும் பனி. பனி ஈரம் பசையைக் கழுவாது, இன்னும் வழுக்கலாக்கும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே அதைத் தெரிந்துகொண்டேன். தெரிந்தே முடிந்தது என்று ரேடியோவில் சொன்னேன்.

நீ வழுக்கக் கூடாது என்று மட்டும்தான் இருந்தது. அந்த மௌனத்தைப் பற்றி எழுதியிருந்தாயே. நீ அங்கே இல்லாதது போல என்று. அதை நிறுத்த என் கையில் ஒரு குழாய் இருந்தது.

மக்நாலியின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் தப்பு என்று இப்போது தெரிகிறது. அந்தக் கிளையில் ஒருவருடைய முகமும் எனக்கு வரவில்லை.

சொன்னால் என்னை வெளியே அனுப்புவார்கள். அது நியாயம். சொல்லாவிட்டால் அவன் போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். ஒன்றுமில்லை. ஆனாலும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேலை போனால் வாடகை கொடுக்க முடியாமல் இந்த வீடும் போகும், இரண்டும் போனால் நீ கடிதம் போட எனக்கு ஒரு முகவரி இருக்காது. அற்பமான காரணம். வேறு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

ரூய்

*

நவம்பர் 7

ரூய்,

நான் கேட்கவில்லை.

இந்த வாக்கியத்தை உனக்கு எத்தனை தடவை எழுதுவது. எந்த இடம் மோசம் என்று நீ கேட்டாய், சொன்னேன். எனக்கு மட்டும் துடைத்து வை என்று சொல்லவில்லை. பொத்தான், போன், தண்டவாளம். ஒவ்வொன்றிலும் நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன், நீ எனக்காக எதையோ செய்து முடித்துவிடுகிறாய். இந்த முறை அதற்கான விலையை மக்நாலி தருகிறான்.

என் பங்கும் இருக்கிறது. ஒரே தண்ணீர், ஏன் இப்படி என்று கேட்டேன், அதற்கு மேல் போகவில்லை. சுலபமாக இருந்தது. மகாராணி என்றபோது சிரித்தேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போயிருக்கலாம். வாசல்வரை போனேன். நேரமானால் போகத்தான் வேண்டும், மக்நாலியை விட்டுவிட மாட்டேன். பன்னிரண்டாம் தேதிவரை காத்திருக்கிறேன். அதற்குமுன் போனால், உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்ததாகிவிடும். அதனால் வாசலில் திரும்பிவிட்டேன். இதை முதலில் செய்யவேண்டியவன் நீ.

11ஆம் தேதிக்கு என்னை எதிர்பார்க்காதே.

முகவரி பற்றி எழுதியிருந்தாய். அதை இப்போது என்னிடம் கேட்காதே.

இடா

*

நவம்பர் 8

இடா,

படித்தேன்.

இன்று எழுத எதுவும் இல்லை.

ரூய்

*

நவம்பர் 10

ரூய்,

இன்று ஆல்டர் க்ரீக்கில் வழுக்கியது.

இரண்டு நாள் விடுப்பு முடிந்து இன்றுதான் ஏறினேன். வெயில் இல்லை, மழை இல்லை, இலைமேல் மெல்லிய பனி. கல்லறைச் சுவர் தெரிந்தது. கை அசையவில்லை. இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது, இங்கே பிடிக்கும் என்று. சிவப்புக் கொட்டகையில் போட்டேன். ஒரு கணம் பிடித்தது. பிறகு அந்த மௌனம்.

சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டும் குழாயைத் திறந்தேன். பிரேக்கைத் தளர்த்தி, மறுபடி லேசாகப் போட்டேன். பிளாட்பாரம் ஜன்னலில் வந்தது, கை காட்டுகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு பெட்டி நீளம் தாண்டி நின்றது. அங்கே சிக்னல் ரொம்ப தூரம். ஆபத்து ஒன்றுமில்லை.

கண்டக்டர் எல்லோரையும் பெட்டிக்குள்ளேயே பின்னால் நடக்கச் சொன்னார். மிஸஸ் பஷேகு வந்தாள், தட்டினாள்.

"மறுபடியும் சுற்றுலாவா?"

"ஆமாங்க. இந்தத் தடவை டிக்கெட்டில்ல."

"சிரிக்கிறியே, வெட்கமா இல்ல?"

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. வழுக்கிய வண்டிக்குள் உட்கார்ந்து சிரிக்கிற ஓட்டுநர். புகார் வந்தாலும் வரும்.

எல்லோருடைய தண்டவாளத்தையும் போலத்தான் இருந்தது என்னுடையதும். கழுவியிருந்தது, ஒரு தடவை. அதற்குமேல் இல்லை. இனிமேல் கல்லறைச் சுவரிலேயே ஆரம்பிக்க வேண்டியது என் வேலை. அதை நீ என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். அப்போது எனக்கு வேறெதுவும் தெரியாது. கழுவியதை வைத்து நானே ஊகித்துக்கொண்டதுதான்.

ஜங்ஷனில் மக்நாலி இருந்தான். சீருடையில். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கோணலாக.

"உன் புருஷன் சனிக்கிழமை நேரா மேலதிகாரிகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டானாம். தண்ணி, ரேடியோ, எல்லாம். என்னையும் பார்க்க வீட்டுக்கு வந்தான். என் பொண்டாட்டி கதவைத் திறந்து திட்டினா. நின்னு கேட்டான். முழுசா கேட்டுட்டு, மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டுப் போனான்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல. கழுதைன்னு சொன்னேன். தலையாட்டினான். கழுதைக்குக் கூட கொஞ்சம் ரோஷம் வரும்." பிறகு தொப்பியை நேராக்கிக்கொண்டு சொன்னான். "நேர்மையான கழுதை. எழுதிக்கோ."

எழுதிவிட்டேன்.

அவனுடைய லைசன்ஸ் திரும்பி வந்துவிட்டது. உன்னை இந்த வாரம்வரைதான் வைத்திருப்பார்களாம், பம்பை ஓட்ட வேறு ஆள் வரும்வரை. பிறகு இல்லை என்றார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. அது இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கிறது.

ஏப்ரல் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு வழுக்கலில் ஒன்றும் தீராது. ஆனால் எட்டாம் தேதி, அதே சனிக்கிழமை, நீ அனுப்பிய கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுத எதுவும் இல்லை என்று இருந்தது. போகப்போகிறேன் என்று எனக்குச் சொல்லாமல் போயிருக்கிறாய். நான் பார்க்கவேண்டும் என்பதற்காகச் செய்யவில்லை. நீ என்னிடம் சொல்லாமல் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

நாளை 11. கிளப்பில் செஸ்ட்நட் சுடுவார்கள். என்னை அழைத்துப்போக வராதே. எனக்கும் சேர்த்துத் தட்டில் வாங்கி வைக்காதே. என்ன வேண்டும் என்று நானே வந்து சொல்கிறேன்.

சாயங்கால வண்டியில் வருகிறேன், மக்நாலியின் மேற்குக் கிளை ஆள் ஒருவன் ஓட்டுகிறான். எல்லா இடத்திலும் வழுக்குகிறது. தாமதமாகும்.

இரு.

இடா